தங்கதுரையின் இடது கன்னம்

மூணாறுக்கு அருகே மலைமேல் இருக்கும் வட்டவடையில் பூண்டு வாசனையை வைத்து யாரையும் குற்றவாளி ஆக்க முடியாது. அறுவடை முடிந்துவிட்டால் வாசலில், அடுப்புக்கு மேலே, கட்டிலுக்கு மேலே என்று பூண்டுக் கொத்து தொங்காத இடமே கிடையாது. அப்படிப்பட்ட ஊரில் ஒருத்தி தன் புருஷன் வாயில் அடிக்கிற பூண்டு வாசனையைச் சந்தேகப்படுகிறாள் என்றால், அதற்கு முன்பே அவளுக்கு இரண்டு மூன்று சந்தேகங்கள் வந்திருக்க வேண்டும். சிவசங்கரிக்கு வந்திருந்தன.

முதல் சந்தேகத்தைக் கிளப்பிவிட்டது மகள் அஞ்சு. ஒன்றாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் பல் பரிசோதனை நடத்தி ஆளுக்கொரு அட்டை கொடுத்திருந்தார்கள். வீட்டில் எல்லோரும் காலையும் ராத்திரியும் பல் தேய்க்க வேண்டும். ராத்திரி தேய்த்த பிறகு தண்ணீர் தவிர எதுவும் வாய்க்குள் போகக் கூடாது. வாரம் ஒருமுறை ஒருவர் வாயை ஒருவர் பார்த்து, கட்டத்தில் நட்சத்திரம் போட வேண்டும். அஞ்சு டார்ச்சும் கையுமாகக் கிளம்பிவிட்டாள். அம்மாவுக்கு ஒரு சொத்தை இருப்பதைக் கண்டுபிடித்து ஊரெல்லாம் சொல்லிவிட்டு வந்தாள். அப்பா மட்டும் வாயைத் திறக்கவில்லை. முதல் வாரம் ஜீப்புக்கு நேரமாகிவிட்டது. அடுத்த வாரம் சளி, குழந்தைக்கு ஒட்டிக்கொள்ளும். மூன்றாம் வாரமும் அப்பாவின் கட்டம் காலியாகவே கிடந்தது.

அப்புறம் ஒருநாள் ரேஷன் கடைக்குப் போகிற வழியில் சிவசங்கரி, ஜீப் ஓட்டும் தன் புருஷன் தங்கதுரையை ஸ்டாண்டில் பார்த்தாள். இடது கன்னம் உப்பியிருந்தது. இவளைக் கண்டதும் திரும்பிக்கொண்டு எதையோ துப்பினான். மறுநாள் ஜீப்பைத் துடைக்கப் போனவளுக்கு ஸ்டியரிங்குக்குப் பக்கத்துப் பெட்டியில் புது பிரஷ்ஷும் பேஸ்ட்டும் கிடைத்தன. காலையில் ஒருதடவை பல் தேய்க்கவே நாலுதடவை சொல்ல வேண்டிய மனுஷன், வண்டியில் வைத்துத் தேய்க்கிறானா? புகையிலை நாற்றத்தை மறைக்கத்தான். அதோடு இந்தப் பூண்டு வாசனை வேறு.

அவளுக்கு இதில் விளையாட்டில்லை. அவள் அப்பா முப்பது வருஷம் இடது கன்னத்தில் புகையிலை அடக்கியவர். கடைசி ஆறு மாதம் அந்தக் கன்னமே இல்லாமல் கிடந்தார். குழாய் வழியாகக் கஞ்சி ஊற்றியது இவள்தான். தங்கதுரையும் கல்யாணமான புதிதில் புகையிலை போட்டவன். அஞ்சு பிறந்த அன்று குழந்தையின் தலையில் கை வைத்து, இனி தொட மாட்டேன் என்று சத்தியம் செய்தான். மறுபடி தொட்டால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போடியில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவேன், அப்புறம் திரும்ப மாட்டேன் என்று அன்றைக்கே இவளும் சொல்லிவிட்டாள். சொன்னதைச் செய்கிற பெண் அவள். அது அவனுக்கும் தெரியும்.

சனிக்கிழமை காலை, அவன் கொட்டாவி விட்ட நேரமாகப் பார்த்து டார்ச்சை அடித்துவிட்டாள். கன்னத்தின் உள்பக்கம் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வெள்ளை வெளேரென்று தோல் உரிந்திருந்தது. அப்பாவுக்கும் வெள்ளையாகத்தான் ஆரம்பித்தது.

"எத்தன நாளாப் போயிலை போடுறீங்க?"

"அய்யோ, இல்ல புள்ள. அஞ்சு மேல சத்தியமா இல்ல."

"மொதச் சத்தியம் நின்னுருந்தா ரெண்டாவது எதுக்கு? அப்ப அது என்னது?"

அவன் முழித்தான். "சூடா டீ குடிச்சேன். வெந்துருச்சு."

பொய் சொல்லத் தெரியாதவன் சொல்கிற பொய் அது. சிவசங்கரி பையை எடுத்து இரண்டு சேலை, அஞ்சுவின் உடுப்பு, பள்ளிக்கூட அட்டை எல்லாவற்றையும் அடைத்தாள்.

"மூணாறுக்கு வண்டிய எடுங்க. பல் டாக்டரு பாக்கட்டும். போயிலைன்னு அவங்க வாயால சொல்லிட்டா, நாங்க அங்கிட்டே போடி பஸ்ஸுல ஏறிருவோம்."

டாக்டர் என்றதும் அவன் முகம் செத்துப்போனது. அதையும் அவள் குறித்துக்கொண்டாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்? வழியெல்லாம் பையை மடியிலிருந்து இறக்கவில்லை. பின்சீட்டில் அஞ்சு டார்ச்சை அணைத்து அணைத்து எரித்துக்கொண்டிருந்தாள்.

பல் டாக்டர் ஜோமோள் எஸ்டேட் ஜனங்களிடமே தமிழ் கற்றுக்கொண்டவர். கண்ணாடிக் கம்பியை விட்டுப் பார்த்துவிட்டு, "புகையிலை உண்டா?" என்றார்.

"உண்டு" என்றாள் இவள். "இல்ல" என்றான் அவன்.

டாக்டர் இன்னும் கிட்டே குனிந்தார். மூக்கைச் சுளித்தார். "பூண்டு வெச்சிங்களா இங்கே? நசுக்கி?"

தங்கதுரை கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினான்.

"இது பூண்டு பொசுக்கின புண். புகையிலை இல்லா. மேலே கடைவாய்ப் பல்லு பாதி போயாச்சு. எத்தர நாளா வலி?"

"ரெண்டு மாசமா. வலி நிக்குமான்னு வண்டியில வச்சுப் பல்லுகூடத் தேச்சுப் பாத்தேன்."

"ரெண்டு மாசமாவா!" சிவசங்கரிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க? பல்லு வலின்னு ஒரு வார்த்த சொன்னா என்ன?"

"சொன்னா புடுங்கச் சொல்லுவ. மேப்பல்லப் புடுங்குனா கண்ணு போயிரும்ல? கண்ணு இல்லாம இந்தச் சரிவுல நான் எப்பிடி ஜீப் ஓட்ட?"

"எந்தக் கூறுகெட்டவன் சொன்னான் அப்பிடி?"

"நீதான். ஒங்க பெரியம்மாவுக்கு மேப்பல்லு எடுத்ததும் கண்ணு மங்கிருச்சுன்னு."

சொன்னவள் அவள்தான். அவள் அம்மா சொன்னது, ஊரே சொன்னது. இன்றுவரை அவளும் நம்பியது.

"பெரியம்மாவுக்கு வயசாயி கண்புரை வந்திருக்கும்" என்றார் டாக்டர். "பல்லு நரம்பு வேறே, கண்ணு நரம்பு வேறே. வலிச்ச அன்னிக்கே வந்திருந்தா அடைச்சுப் பல்லைக் காப்பாத்தியிருக்கலாம். இனி எடுக்கத்தான் வேணும். பூண்டு கொழம்புக்கு மதி, வாயிலே வெக்க வேண்டா. புண்ணு தானா ஆறும்; ரெண்டு வாரம் கழிச்சு எனிக்குக் காட்டணும். ஆறலேன்னா டெஸ்ட் செய்யணும்."

பல்லை எடுக்கிற வரைக்கும் சிவசங்கரி அவன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வெளியே வந்ததும் தங்கதுரை செய்த முதல் காரியம், ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு எதிரே நின்ற பஸ்ஸின் போர்டைப் படித்தது. பிறகு மறுகண்ணைப் பொத்திப் படித்தான். போடி பஸ் அது. படித்து முடித்துவிட்டு அவள் கையிலிருந்த பையைப் பார்த்தான். அவள் பையைப் பின்சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு முன்னால் ஏறி உட்கார்ந்தாள். இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவனை நம்ப மூன்றாம் மனுஷியிடம் சான்று கேட்டதை நினைக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது.

இடது கன்னம் பஞ்சால் உப்பியிருந்தது, அன்று ஜீப் ஸ்டாண்டில் பார்த்த அதே மாதிரி. அவள் பார்ப்பதைக் கண்டு அவன் பதறிப்போய்ப் பஞ்சை எடுத்துக் காட்ட வாயைத் திறந்தான். அவள் சட்டென்று மோவாயைப் பிடித்து மூடினாள்.

"தொறக்காதீங்க. அர மணி நேரம் கடிச்சுக்கிட்டே இருக்கச் சொல்லிருக்காங்க."

பின்னாலிருந்து அஞ்சு அட்டையை நீட்டினாள். "அம்மா, அப்பாவுக்கு நட்சத்திரம் போடவா? நான் இன்னும் வாயப் பாக்கவே இல்லையே."

"போடு" என்றாள் சிவசங்கரி. "பாக்காமயே போடு."