வசவு வாரியத்தில் நிரந்தரம்

கார்கள் தாமாகவே ஓடத் தொடங்கிய பிறகு, திட்டு வாங்குவதற்காக என்னை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்தார்கள்.

காலி இருக்கையைத் திட்டிப் பழகாத ஊர் எங்களுடையது. திட்டு உள்ளேயே தங்கி ஜனங்களுக்கு வயிறு வீங்கியது. பல்லாவரத்தில் ஒருவர் மிதக்கவே ஆரம்பித்தார். அவரைக் கொடிக்கம்பத்தில் கட்டிவைத்தார்கள். அதன் பிறகுதான் வசவு வாரியம் வந்தது.

நேர்முகத் தேர்வில் ஓர் அம்மாள் கேட்டார்.

"முன் அனுபவம்?"

"கல்யாணமாகிப் பதினேழு வருஷம், மேடம்."

"எதிர்த்துப் பேசுவீங்களா?"

"மனசுக்குள்ள மட்டும்."

"அது பரவாயில்லை." முத்திரை குத்தினார். "தொண்ணூறு நாள் வாயைத் திறக்கலைன்னா நிரந்தரம். திறந்தா வீட்டுக்கு."

வீட்டுக்குத்தான் எனக்குப் பயம்.

காரில் ஸ்டியரிங் இருந்தது. அது எதனுடனும் இணைக்கப்படவில்லை. பிடித்துக்கொள்ள வசதியாக இருந்தது. தினமும் எட்டு மணிக்கு லிங்கேசன் சார் பின்னால் ஏறுவார். அவர் பயணி. பேசமாட்டார்.

வடபழனி சிக்னலில் ஜனங்கள் வரிசையில் நின்று திட்டினார்கள்.

"இன்னாம்மா, கண்ணு பொடனியிலயா கீது?"

"வூட்ல சொல்லிகினு வந்தியா?"

சொல்லவில்லை. இந்த வேலையைப் பற்றி வீட்டில் தெரியாது. தலையைக் குனிந்துகொள்வேன். திட்டி முடித்த ஒருத்தி, வயிறு வடிந்துவிட்டது என்று வாழைப்பழம் கொடுத்தாள்.

இவ்வளவு திட்டும் எனக்குள் எங்கே போகிறது என்று யோசித்தேன். எடை பார்த்தேன். கூடவில்லை. காரின் டயர்கள்தான் அமுங்கியிருந்தன.

தொண்ணூறாம் நாள் வரிசையில் என் கணவர் ஸ்கூட்டரில் நின்றார். வயிறு ஹேண்டில்பார்வரை வந்திருந்தது. என்னை அடையாளம் தெரியவில்லை. பகலில் அவர் என் முகத்தைப் பார்த்ததில்லை.

"உனக்கெல்லாம் எவன் வண்டி குடுத்தான்? வீட்ல சோறாக்க வேண்டியதுதானே?"

காலையில் ஆக்கிய சோறு அவருடைய ஸ்கூட்டர் கொக்கியில் டப்பாவாகத் தொங்கியது. என் வாய் திறந்துகொண்டது. உள்ளே பதினேழு வருஷமும் முண்டியடித்தது. இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டேன்.

கண்ணாடி தானாக இறங்கியது.

"யோவ்," என்றது கார். "கொக்கில தொங்குதே, அதை உங்க தாத்தாவா ஆக்குனாரு?"

அவர் டப்பாவைப் பார்த்தார். பிறகு என்னை.

"சுகந்தி?"

பணி நேரம் ஆறு மணிவரை. தலையைக் குனிந்துகொண்டேன்.

மாலையே விசாரணை. எதிர்த்துப் பேசியதற்காகக் காரை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

"எந்த வீட்டுக்கு, மேடம்?"

"உங்க வீட்டுக்குத்தான். காருக்கு வேற வீடு ஏது?"

என்னை நிரந்தரமாக்கினார்கள்.

மறுநாள் கார் இல்லாமல் ரோட்டில் நின்றேன். எட்டு மணிக்கு லிங்கேசன் சார் வந்தார். எனக்குப் பின்னால் நின்று, என் துப்பட்டாவைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டார். சரியாக மாட்டியிருக்கிறதா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.

"போலாம்," என்றார்.

போனேன். சிக்னலுக்கு முன்னால் கணவர் போன் செய்தார்.

"சுகந்தி, இது ஹால்ல நின்னுக்கிட்டு என்னை ஒரு வார்த்தை பேச விடமாட்டேங்குது. நீ எப்ப வருவே?"

"வண்டி ஓட்டிக்கிட்டிருக்கேன்," என்று சொல்லிப் போனை வைத்தேன்.

வலது கையை நீட்டித் திரும்பினேன்.