தெர்மாகோலுக்கு மேலே

திருக்கழுக்குன்றத்தில் ஹரிகிருஷ்ணன் வாங்கியது எண்பது வருஷத்துப் பழைய மெத்தை வீடு. மர உத்தரங்களின் மேல் செங்கல் அடுக்கிய கூரை. 2003 மே மாத வெயில் அதன் வழியே இறங்கிப் படுக்கையறையைச் சுட்டது. மகள் ரோகிணிக்கு முதுகெல்லாம் வேர்க்குரு. கல்பாக்கத்தில் இரவு ஷிப்ட் முடித்து வரும் ஹரிக்குப் பகலில் தூக்கமே இல்லை.

உத்தரங்களுக்கு அடியில் குறுக்கே மெல்லிய ரீப்பர் கட்டைகள் அடித்துத் தெர்மாகோல் பதித்தால் சூடு இறங்காது என்றார்கள். வேலைக்கு வந்த எல்லப்பன் ஏணியில் ஏறிச் சுத்தியல் காம்பால் உத்தரத்தைத் தட்டிப் பார்த்தார். சுவரோரத்தில் மட்டும் பொத்தென்று சத்தம் கேட்டது.

"சார், உள்ள செல்லு அரிச்சிகினு கீது. மொதல்ல இத்த மாத்திடு சார். மூடிட்டா அப்பால இன்னா ஆவுதுன்னே தெரியாது."

"மழைக்கு முன்னாடி பாத்துக்கலாம். இப்ப சூடு தாங்கல. நீங்க அடிங்க."

அவர் அடித்தார். அறை வெள்ளை வெளேரென்று ஆனது. மதியத்திலேயே குளுகுளுவென்றிருந்தது. அதன்பின் உத்தரத்தை ஹரி மறந்தே போனார்.

ஐப்பசியில் நான்கு நாள் விடாத மழை. காலையில் போர்வையை உதறிய ஹரியின் மனைவி சங்கரி, அதில் செம்மண் தூளைப் பார்த்தாள். மறுநாளும் இருந்தது. மேலே யாரோ பல்லைக் கடிப்பது போல அவ்வப்போது ஒரு சத்தம்.

"எலியா இருக்கும்" என்றார் ஹரி.

அவள் ரோகிணியின் கட்டிலைக் கூடத்துக்கு இழுத்துப் போட்டாள். "எலியோ என்னவோ, நீங்க ஏறிப் பாருங்க."

ஞாயிறு காலை ஹரி ஸ்டூலில் ஏறி, தொங்கிக்கொண்டிருந்த தெர்மாகோலைக் கத்தியால் கீறினார். ஈர மண் தலையில் கொட்டியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். உத்தரத்தின் முனை சுவரை விட்டு வெளியே வந்திருந்தது. நாலு விரல் கீழே இறங்கி, இரண்டு ரீப்பர்களின் மேல் உட்கார்ந்திருந்தது. ரீப்பரின் ஆணிகள் பாதி பிடுங்கிக்கொண்டிருந்தன.

குரலை உயர்த்தவே அவருக்குப் பயமாக இருந்தது. "சங்கரி, ரோகிணியக் கூட்டிட்டுத் தெருவுக்குப் போ. எதையும் எடுக்காத."

மூச்சை அடக்கிக்கொண்டு, ஒவ்வொரு காலாக இறங்கினார். மூவரும் மழையில் நனைந்தபடி வீட்டைப் பார்த்து நின்றார்கள். ஒன்றும் நடக்கவில்லை. எதிர்வீட்டுப் பூவாயி குடையோடு வந்தாள்.

"இன்னா சார், வூட்ட வுட்டு மழையில நிக்கிற?"

ஹரி பதில் சொல்வதற்குள் உள்ளே இடி போல் விழுந்தது. ஜன்னல் வழியே செம்புழுதி வெளியே பாய்ந்தது. ரோகிணி அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு அலறினாள்.

சங்கரி அழவில்லை. புழுதி அடங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்: "கூடத்து உத்தரமும் அதே மரந்தானே?"