நான்கு சுவர் தாண்டும் பெட்டி

ஸ்லாவ்கோ மாமா ஐந்தரை மணி நேரம் வண்டி ஓட்டி போர்ட் அகஸ்டாவுக்குப் போய் ரூட்டர் வாங்கி வந்தார். எட்டு ஆண்டெனா. மேசையில் வைத்ததும் மல்லாந்து கிடக்கும் சிலந்தி மாதிரி இருந்தது.

"நான் எழுதிக் குடுத்தது இது இல்லையே மாமா," என்றாள் யாஸ்னா. "சின்னப் பெட்டி ரெண்டு, நடுவுல கேபிள்னுதானே எழுதினேன்?"

"ரெண்டு எதுக்கு? கடைக்காரன் சத்தியம் பண்ணான். இது நாலு சுவர் தாண்டுமாம். நமக்கு இருக்கறது ஒண்ணே ஒண்ணு."

அந்த ஒன்று, குன்று. ஆஸ்திரேலியாவின் ஓப்பல் கல் சுரங்க ஊரான கூபர் பீடியில் பாதிப் பேரைப் போல அவர்களும் குன்றைக் குடைந்த வீட்டில்தான் இருந்தார்கள். மாமாவின் அறைகள் குன்றின் இந்தப் பக்கம், அவளுடையது அந்தப் பக்கம். இடையில், மிக மெல்லிய இடத்தில்கூட, ஒன்றரை மீட்டர் பாறை. இணையம் மாமா பக்கத்தோடு நின்றுவிடும்.

வியாழன் காலை பத்து மணிக்கு அவளுக்கு வீடியோவில் வேலைத் தேர்வு. அடிலெய்டு மருத்துவமனைகளில் இருக்கும் குரோவேஷியக் கிழவர்களுக்கு வீடியோ வழியாக மொழிபெயர்க்கும் வேலை. கதவு மூடிய அறை கட்டாயம். மாமா பக்கத்தில் கதவே கிடையாது, திரைதான். காலையிலிருந்தே நாலு பேர் சீட்டாடுவார்கள். இந்த வேலை தவறினால் அவள் அடிலெய்டுக்கே குடிபோக வேண்டும். ஜன்னல் வைத்த அறையில் அவளுக்குத் தூக்கம் வராது.

பெட்டியை மாட்டினார்கள். யாஸ்னா குன்றைச் சுற்றி நடந்து தன் அறைக்குப் போய் மடிக்கணினியைத் திறந்தாள். சிக்னல் ஒரு கோடுகூட வரவில்லை. திரும்பி வந்தபோது பக்கத்து விடுதிக்கார வாசிலிகி அத்தை மாமாவின் நாற்காலியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

"யோவ் ஸ்லாவ்கோ, அவன் சொன்னது அட்டைச் சுவர்யா. அங்கெல்லாம் குத்தினா சுவர் உடையும். இங்க குத்தினா உன் கை உடையும்."

"அவனுக்குச் சுவர்னா என்னன்னே தெரியலைன்னா நான் என்ன பண்றது?"

"விடுதியில ஒரு சின்னப் பெட்டி சும்மா கிடக்கு. நீளமான டிரில்லும் இருக்கு. விரல் கனத்துக்கு ஒரு ஓட்டை போட்டுக் கேபிளை இழுத்துடலாம்."

"அந்தச் சுவரைத் தொடக்கூடாது."

சீட்டாடியவர்கள் நிமிர்ந்தார்கள். காரணம் எல்லோருக்கும் தெரியும். சுவரில் பென்சிலால் போட்ட ஒரு பெருக்கல் குறி இருந்தது. அதன் பின்னால் ஓப்பல் ஓடுகிறது என்று மாமா பத்தொன்பது வருடமாகச் சொல்லி வருகிறார். ஓப்பல் ஆசை வந்தால் அந்த ஊரில் வீட்டுச் சுவரையே குடைந்து தேடி, அந்தச் சாக்கில் வீட்டோடு ஓர் அறையைக் கூட்டிக்கொள்வார்கள். மாமாவும் கூட்டியிருக்கிறார்: வைக்கப் பொருளே இல்லாமல் மூன்று சாமான் அறைகள். இந்தச் சுவரை மட்டும் தொட்டதில்லை. தொடாத வரைக்கும் அதில் எல்லாமே இருந்தது.

"வேற எடத்துல போடு," என்றார்.

"மத்த இடமெல்லாம் மூணு மீட்டர் மாமா. டிரில் எட்டாது."

மாமா சிலந்தியைப் பார்த்தார். குறியைப் பார்த்தார். பிறகு உள்ளே போய் ரொட்டி சுடும் தட்டை எடுத்து வந்து குறிக்கு நேர் கீழே வைத்தார்.

"டிரில்லைக் குடு. என் சுவரை நான்தான் துளைப்பேன்."

தட்டில் இளஞ்சிவப்புத் தூள் விழுந்தது. அவர் அடிக்கடி நிறுத்தி, அதை நனைத்து, விளக்கில் காட்டிப் பார்த்தார். தூள் தூளாகவே இருந்தது. சீட்டு ஆட்டம் நின்றுபோயிருந்தது.

ஒரு மணி நேரம் கழித்து, தன் அறையில் போய்க் காத்திருந்த யாஸ்னாவின் குரல் குன்றுக்குள்ளிருந்து வந்தது.

"மாமா, இந்தப் பக்கம் வந்துடுச்சு!"

அவர் குனிந்து பார்த்தார். "என்ன தெரியுது?"

"உங்க மூக்கு."

"அழகா இருக்கா?"

"மூக்குல ஒரு ரொட்டிக்கு மாவு இருக்கு."

ஓட்டை வழியாகக் கேபிளை இழுத்து விடுதியின் சின்னப் பெட்டியை மாட்டினார்கள். வியாழக்கிழமை வீடியோ ஒரு தடவைகூட நின்றுபோகவில்லை. தேர்வு நடத்திய பெண்மணி முட்டிவலியிலிருந்து மூலம் வரை கேட்டாள். யாஸ்னா தடுமாறவில்லை. பாதியில் அந்தப் பெண்மணி கண்ணைச் சுருக்கினாள்.

"உங்க பின்னால சுவர்ல ஒரு வெளிச்சம் அசையுதே?"

யாஸ்னா திரும்பவில்லை. அது ஓட்டைக்குள் இன்னும் ஓப்பல் தேடும் மாமாவின் டார்ச் என்று அவளுக்குத் தெரியும்.

"சுவர்ல சின்ன வேலை நடக்குதுங்க."

"திங்கட்கிழமைக்குள்ள அடைச்சிடுங்க. அன்னைக்கு நிஜ நோயாளிங்க வருவாங்க."

தேர்வு முடிந்ததும் அவள் ஓட்டையில் வாய் வைத்துக் கத்தினாள். "மாமா, திங்கள்ல இருந்து வேலை!"

"வராம எங்க போகும்? எட்டு ஆண்டெனான்னா சும்மாவா?"

சாயங்காலம் அவள் அந்தப் பக்கம் போனபோது, மாமா கேபிளைச் சுற்றிச் சுண்ணாம்புக் காரை பூசி முடித்திருந்தார். பழைய குறியை அழித்திருந்தார். இரண்டு சாண் இடப்பக்கம் புதிதாக ஒன்று போட்டிருந்தார், முன்னதைவிடப் பெரிதாக.

அவள் அதையே பார்ப்பதை அவர் கவனித்தார்.

"ஓப்பல் நேர்கோட்டுல ஓடாது பொண்ணே," என்றார். "கொஞ்சம் வளைஞ்சு போயிருக்கு. அவ்வளவுதான்."