விருந்தாளிக்குப் போட்ட நாற்காலி

துக்க வீட்டில் என் கையில் ஆரஞ்சு கலர் சோடா பாட்டிலைத் திணித்துவிட்டுப் போனாள் சுகன்யா. சுற்றிலும் பெண்கள் தரையில் உட்கார்ந்திருக்க, நான் மட்டும் வேப்பமர நிழலில், சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில். அழ வந்தவளுக்குக் கலர் வாங்கிக் கொடுத்தால் எப்படி அழுவது, நீங்களே சொல்லுங்கள் கண்ணுகளா.

ஆறு வருஷத்துக்கு முன்னாலும் இதே நாற்காலியில்தான் என்னை உட்கார வைத்தார்கள். நாகல் நகரில் காலை நடை போகிற நாங்கள் சிலர் சேர்ந்து, ரெட்டியார்சத்திரம் பக்கத்துக் கரட்டுக் குன்றில் ஏறினோம். இறங்கும்போது பாறையில் சறுக்கி என் கால் பிசகியது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த மொக்கைச்சாமி தோள் கொடுத்துக் கூட்டி வந்தார். "ஒங்க ஊருக்குள்ளயே அம்புட்டுப் பெரிய மலை நிக்குது, எங்க கரட்டத் தேடி வந்து விழுகுறியே தாயி" என்று வழியெல்லாம் சிரிப்பு. அவர் மனைவி ஒச்சம்மாள் காலுக்குப் பற்றுப் போட்டு, கத்தரிக்காய் வெஞ்சனத்தோடு சோறு போட்டாள். அன்றிலிருந்து மாதம் ஒரு தடவையாவது பஸ் ஏறிவிடுவேன். போனதும் நாற்காலி வரும். காய் பறிக்கப் போனால் கூடையைப் பிடுங்கிக்கொள்வாள். தட்டைக் கழுவ எழுந்தால் தட்டு கையில் இருக்காது. கிளம்பும்போது மட்டும், "போயிட்டு வாரேன்" என்று நான் வாய் திறந்து சொல்லாமல் விடமாட்டாள்.

அந்த மொக்கைச்சாமி முந்தாநாள் நெஞ்சுவலியில் போய்விட்டார். நேற்று எடுத்தும் விட்டார்கள். எனக்கு ஒரு வார்த்தை இல்லை. இன்று காலை சும்மா போன் போட்டபோதுதான், "ஐரின் பெரியம்மா, அப்பா..." என்று மகள் சுகன்யா உடைந்தாள். எனக்குக் கண்ணீருக்கு முன்னால் கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடேயே கத்தரிக்காய்க் குழம்பு வைத்து, சோறு வடித்து, கேரியரில் அடைத்தேன். துக்க வீட்டில் அடுப்பு எரியாது. உறவுக்காரர்கள்தான் சோறு கொண்டு போக வேண்டும்.

"ஏன்டி எனக்குச் சொல்லல?" போய்ச் சேர்ந்ததுமே கேட்டேன்.

"இந்த வெயில்ல நீ எதுக்குக்கா அலையணும்னுதான்..." என்று இழுத்தாள் ஒச்சம்மாள்.

"மொகத்தக்கூடப் பாக்க விடலையேடி."

அவள் மகளைப் பார்த்தாள். "பெரியம்மாவுக்குக் காப்பி போடுடி."

"என்ன மதினி, அடுப்புப் பத்த வைக்கக் கூடாதுல்ல" என்று கொழுந்தன் கருப்பணன் தடுத்தார். அப்படி வந்து சேர்ந்ததுதான் இந்தக் கலர்.

நேற்றிலிருந்து ஒச்சம்மாள் ஒரு வாய் சாப்பிடவில்லையாம். நாத்தனார் கொண்டு வந்ததையும் தொடவில்லையாம். கேரியரை அவள் முன்னால் நகர்த்தினேன்.

"நீ சாப்டியாக்கா?"

"நான் கெடக்கேன். நீ தெறடி."

"விருந்தாளி சொமந்துட்டு வந்து நான் திங்கிறதா?"

எனக்குச் சுருக்கென்றது. "ஆறு வருஷமா ஒன் சோத்தத் தின்னுட்டு இன்னும் நான் விருந்தாளியாடி?"

சத்தம் கூடிவிட்டது. அழுதுகொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். பாட்டிலை வைத்துவிட்டு, அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். "மண்ணுக்கா, சேல வீணாப் போகும்" என்று அந்த நேரத்திலும் என் முந்தானையைத் தூக்கிப் பிடிக்கிறாள். இவளை என்னதான் செய்வது?

பஸ்ஸுக்கு நேரமானதும் எழுந்தேன். துக்க வீட்டில் போயிட்டு வாரேன் என்று சொல்லக் கூடாது. ஒச்சம்மாள் எப்போதும்போல என் வாயையே பார்த்தாள். கேரியரை அங்கேயே விட்டுவிட்டு, ஒரு சொல்லும் இல்லாமல் நடந்தேன்.

திரும்பிப் பார்க்கவும் கூடாதுதான். தெருமுனையில் முடியவில்லை. நான் எழுந்த நாற்காலியில் யாரோ கேரியரைத் தூக்கி வைத்திருந்தார்கள். அதன் முன்னால் தரையில் ஒச்சம்மாள், கேரியரின் கொக்கியில் கையை வைத்தபடி, தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.