கச்சேரித் துரை கொடுத்த நீலப் பீங்கான்

அருள்நாயகத்தைக் கூட்டிக்கொண்டு ஒரு வீட்டுக்குப் போவதென்றால் எமில்டாவுக்கு உயிர் போய் வரும். குடி இல்லை, சூது இல்லை, தங்கமான மனுசன்தான். ஆனால் நீலப் பீங்கான் தட்டைக் கண்டால் போதும், கவிழ்த்துப் பார்க்காமல் விடமாட்டார். வில்லோ மரம், பாலத்தில் மூன்று பேர், மேலே இரண்டு குருவிகள். படம் எல்லாவற்றிலும் ஒன்றுதான். வயது அடியில் இருக்கிற முத்திரையில்தான் இருக்கிறதாம். ‘இங்லண்ட்’ என்றிருந்தால் 1891க்குப் பிறகு, ‘மேட் இன் இங்லண்ட்’ என்றால் அதற்கும் பிறகு. இதைக் கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்துவிட்டது. போன நத்தார்ப் பண்டிகைக்கு, சிநேகிதர் சீமோன் வீட்டில் கேக்கோடு சேர்த்தே கவிழ்த்தார்!

இன்றைக்கு மார்க்கம் நகரில் மகன் மாக்கஸின் சம்பந்தப் பேச்சு. பெடியனும் பெட்டையும் எப்போதோ முடிவெடுத்துவிட்டார்கள். பெட்டையின் தாய் கிளடிஸ் ஓம் என்றால் சரி.

“இஞ்சாருங்கோ, அங்க பீங்கானைக் கவிட்டியளெண்டால் நான் பஸ் பிடிச்சு மல்வேர்னில எங்கட வீட்டுக்குப் போயிடுவன்,” என்று காரிலேயே சொல்லிவைத்தாள்.

கிளடிஸ் கேக் கொண்டுவந்தது, வேறெதில், நீலப் பீங்கானில்தான்.

“எங்கட பூட்டனாருக்குக் ஊர் அரசாங்கக் கச்சேரியில இருந்த வெள்ளைக்காரத் துரை தன்ர கையால குடுத்தது. ஆயிரத்து எண்ணூற்றி அம்பதில.”

அருள்நாயகம் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு பல்லைக் கடித்தபடி இருந்தார். கிளடிஸ் விடுவதாயில்லை. துரையின் கதையைத் திரும்பவும் தொடக்கத்திலிருந்து சொன்னாள். பிறகு, “உங்கட பக்கம் உப்பிடிச் சாமானுகள் இருந்திராது, என்ன?” என்று ஒரு சிரிப்பு.

எமில்டாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மிஞ்சியிருந்த துண்டை எடுத்து வைத்துவிட்டுப் பீங்கானைக் கவிழ்த்தாள்.

“மேட் இன் இங்லண்ட் எண்டெல்லோ கிடக்கு! உது அந்தக் காலத்துச் சாமானே இல்லை, அக்கா.”

கிளடிஸின் முகம் கறுத்துப்போனது. மாக்கஸ் தலையில் கை வைத்துவிட்டான். எமில்டா நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஐயோ, என்ர வாயால பிள்ளையின்ர வாழ்க்கையைக் கெடுத்துப்போட்டனே!

அருள்நாயகம் பீங்கானை வாங்கினார். பீங்கான் ஒன்றின் வயதுக்காகச் சொந்தத் தமையனோடே கதைபேச்சை விட்ட மனுசன். கண்ணாடியை ஏற்றி அடியை வடிவாகப் பார்த்தார்.

“எண்ணூற்றி அம்பதுதான். நான் எத்தினை பாத்தனான்! இவவுக்கு உது விளங்காது.”

“பாத்தியளே!” என்று கிளடிஸ் பூரித்துப்போனாள்.

பச்சைப் பொய்! எமில்டா புருசனை முறைத்தாள். அவர் நிமிரவேயில்லை, அடியிலிருந்த முத்திரையைப் பெருவிரலால் மறைத்துப் பிடித்திருந்தார்.

“ஓம் அக்கா,” என்றாள் எமில்டா. “எனக்கு உதுகள் விளங்காது.”