வாரேன் என்றவன்

முதல் தடவை அந்தக் குரல் கேட்டது ஆடி கடைசி வெள்ளியன்று, நல்ல உச்சி வெயிலில். இராஜபாளையத்துக்கு மேற்கே மாமரங்களுக்குள் ஒளிந்துகிடந்த ஏழெட்டு ஓட்டு வீடுகளில் கடைசி வீடு வெள்ளத்தாயுடையது. ஒன்றரை வயது மகள் மாரிக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். வாசலிலிருந்த மூங்கில் படலுக்கு அப்பாலிருந்து ஒரு குரல் வந்தது.

"வாரேன்."

புருஷன் தவசிமுத்துவின் குரலேதான்! பட்டாளத்தோடு சீனத்துக்குக் கப்பலேறியவன். கிண்ணத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். படலடியில் ஒரு காக்கை கூட இல்லை.

ஆனாலும் அவளுக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, சொல்லி மாளாது. மனுஷன் நினைப்பு தேடி வருகிறது, ஆளும் பின்னாலேயே வந்துவிடும் என்று நம்பிவிட்டாள். தனியாகக் கிடந்து பார்த்தால் நமக்கும் அப்படித்தான் தோன்றும். மறுநாள் அதே நேரத்தில் குரல் கேட்டதும், "வாங்க, வாங்க" என்று வாய் நிறைய அழைத்தாள்.

அழைக்க அழைக்கக் குரல் கிட்டத்தில் வந்தது. ஆவணியில் கிணற்றடி. புரட்டாசியில் மாட்டுத் தொழுவம். ஐப்பசி பிறந்தபோது பின்வாசலுக்கே வந்துவிட்டது. தினமும் அந்த ஒரே சொல்தான். இவளும் சளைக்காமல் அழைத்தாள். அப்பன் முகத்தையே பார்த்திராத மாரி, குரல் வந்த பக்கம் திரும்பி, "ஐயா" என்று சிரிப்பாள். பத்து நாளாக அவளுக்குக் காய்ச்சல் வேறு. கஷாயத்துக்கும் இறங்கவில்லை, திருநீற்றுக்கும் இறங்கவில்லை. அந்தச் சிரிப்பு மட்டும் நிற்கவில்லை.

அப்போதுதான் பட்டாளத்திலிருந்து தங்கை விலாசத்துக்குக் கடுதாசி வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் வாக்கப்பட்டிருந்த நாத்தனார் சீனியம்மாள் அதை அங்கேயே ஒருவரிடம் வாசிக்கக் கொடுத்துக் கேட்டுவிட்டு, அழுது வீங்கிய முகத்தோடு வந்து சேர்ந்தாள்.

"மோசம் போயிட்டமே மதினி! திரும்பி வார கப்பல்லயே காய்ச்சல் கண்டு அண்ணன் போயிட்டாவ. ஆடி கடைசி வெள்ளியாம்."

வெள்ளத்தாய் அழவில்லை. "ஏட்டி, அம்புட்டும் பொய்யி. அவிய தெனமும் வாரேன்னு சொல்லுதாவ. செத்த நேரம் இரு, நீயே கேளு."

சீனியம்மாள் மிரண்டுபோனாள். தொட்டிலில் கிடந்த பிள்ளையைத் தொட்டுப் பார்த்தாள். உடம்பு கொதித்தது. "இவளுக்கு மொதல்ல மம்சாபுரத்து வைத்தியரக் கூட்டியாரணும். வாரேன் மதினி."

வாரேன் என்றாள். போய்விட்டாள்.

வெள்ளத்தாய் அந்தச் சொல்லைத் தானும் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். அட பாவமே, புறப்படுகிறபோது யார்தான் இந்த ஊரில் போறேன் என்கிறார்கள்? முதல் நாளே அவன் விடை கேட்டிருக்கிறான். பெண்டாட்டி பிள்ளையிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டு போக அவ்வளவு தூரத்திலிருந்து வந்தவன். போகிறவனை, வாங்க வாங்க என்று இரண்டு மாதத்துக்கும் மேலாக வீட்டுக்குள் இழுத்துவிட்டாளே!

வெயில் உச்சிக்கு ஏறியது. இந்தத் தடவை குரல் பின்வாசலில் இல்லை. தொட்டிலருகே கேட்டது.

"வாரோம்."

மாரி சிரித்துக்கொண்டு இரண்டு கைகளையும் நீட்டினாள்.

வாரோமா? யாரும் யாரும்? வெள்ளத்தாய் பாய்ந்து பிள்ளையை வாரி அணைத்தாள். "போயிட்டு..." என்று பழக்கத்தில் வாயெடுத்தாள். அதற்கு அடுத்த சொல் 'வாங்க' அல்லவா! நாக்கைக் கடித்துக்கொண்டாள். மிச்சம் இருந்தது ஒரே ஒரு சொல். எந்தப் பெண்ணும் புருஷன் முகத்துக்கு நேரே சொல்லாத சொல். நெஞ்சு வெடிக்க அழுதுகொண்டே சொன்னாள்.

"தனியாப் போங்க. என் சாமி, வராதீங்க. போங்க."

பின்வாசல் கதவு மெல்ல ஆடி நின்றது. மாரியின் கைகள் தாழ்ந்தன. பிள்ளைக்குக் குப்பென்று வேர்த்தது. "ஐயா, ஐயா" என்று கதவைப் பார்த்து வீறிட்டாள்.

பொழுது சாயும்போது படலடியில் சீனியம்மாள் சத்தம் கேட்டது. "மதினி, வைத்தியரு வந்திருக்காவ!"

வாங்க என்று சொல்ல வெள்ளத்தாய்க்கு வாய் வரவில்லை.