கோட்டுக்கு வெளியே அரை அங்குலம்

ஹாஷிம் டைலர் வீட்டில் ஊசி நூலுக்குப் பஞ்சமில்லை, பொறுமைக்குத்தான் பஞ்சம். பதுளை பஸாரில் முப்பது வருடம் கடை வைத்திருந்தவர். தீபாவளி நெருங்கினால் தெமோதரைத் தேயிலைத் தோட்டத்துச் சனம் அவர் கடை வாசலில்தான் நிற்கும். ஆனால் அவருடைய மனைவி றஷீனாவுக்குப் பொத்தான் தைப்பதைத் தவிர வேறொன்றும் தெரியாது. கலியாணம் முடித்த புதிதில் சொல்லிக் கொடுக்க வந்தவர், தையல் கோணியதற்கு ஏசிய ஏச்சில் அவள் மெஷின் பக்கமே அப்புறம் போகவில்லை.

மகள் ரிஸ்காவை மொனராகலையில் கட்டிக் கொடுத்த பிறகு வீடு வெறிச்சென்று ஆனது. அப்போதுதான் றஷீனாவுக்கு ஒட்டுப் போர்வை ஆசை வந்தது. சின்னச் சின்னச் சதுரத் துணிகளை இணைத்துத் தைத்து, கட்டில் முழுக்க விரிக்கிற போர்வை. பண்டாரவளையில் முஷ்ரிபா டீச்சர் சனிக்கிழமைகளில் வகுப்பு எடுக்கிறார் என்று கேள்விப்பட்டு, யாரையும் கேட்காமல் பெயரைக் கொடுத்துவிட்டாள்.

"வீட்டுல டைலர வெச்சிக்கிட்டு பண்டாரவளைக்கு பஸ் ஏறப் போறியா? நான் சொல்லித் தாரன்" என்றார் ஹாஷிம்.

"ஒங்களுட்ட படிக்க எனக்கு ஏலா. ஒரு தையல் பிழைச்சா ஊர் கேக்க ஏசுவீங்க. வகுப்பு சரிவராட்டி ஃபோனப் பாத்து நானே பழகிக்கொள்றன்."

ஹாஷிம் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். தான் ஜெயித்துவிட்டதாக அவள் நினைத்தாள். அதற்குப் பிறகு ஒரு மாதம், பொழுது சாய்ந்து மஃரிப் தொழுத பின்னும் அவர் கடையிலேயே கிடந்தார். கேட்டால் தோட்டத்து ஓடர், நிறையத் தைக்கக் கிடக்கிறது என்றார். கோபமாக்கும் என்று அவளும் விட்டுவிட்டாள்.

வகுப்புத் தொடங்க இரண்டு நாள் இருந்தது. விடியற்காலை சுபஹு தொழுதுவிட்டு எழும்பியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் மவுத்தாகிவிட்டார்.

பிறகு இத்தா. புருஷனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது. பண்டாரவளையாவது, வகுப்பாவது!

கடையைக் காலி செய்யப் போன ரிஸ்கா ஒரு பொட்டலத்தோடு வந்தாள். "உம்மா, வெட்டுற மேசைக்கு அடியில ஈந்திச்சு. ஒங்கட பேர் போட்டீக்கி."

உள்ளே முந்நூற்றுச் சொச்சம் சதுரத் துண்டுகள். ரிஸ்காவின் முதல் பெருநாள் கவுன், அவளுடைய பள்ளிக்கூடச் சீருடை, றஷீனாவின் கலியாணச் சட்டை என்று அவர் தன் வீட்டுக்குத் தைத்த எல்லாவற்றிலும் மிஞ்சியதைச் சேர்த்து வைத்திருந்தார். மேலே ஒரு சீட்டு: 'றஷீனாக்கு. கட்டில் அளவு, 72 - 78.' அவ்வளவுதான். தோட்டத்து ஓடர் எது என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. அந்தத் துணிகளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

ஒவ்வொரு துண்டின் பின்புறத்திலும், ஓரத்திலிருந்து அரை அங்குலம் உள்ளே தள்ளி, நாலு பக்கமும் சோக்குக் கட்டியால் இழுத்த கோடு இருந்தது. சோக்குக் கோடு போட்டு அதன் மேலேயே கத்திரிக்கோலை ஓட்டுவதைத்தான் கடையில் அவள் பார்த்திருக்கிறாள். மனிதர் கோபத்தில் வேலையை அரைகுறையாக விட்டுவிட்டார், ஓரத்தை நான்தான் சரியாக வெட்டவேண்டும் என்று முடிவு கட்டினாள். ஃபோனில் தையல் காட்டியவள் என்னவோ பாஷையில் பேசினாள். அவளுடைய துணியில் கோடே இல்லை. றஷீனா ஒரு கிழமை, ஏழு நாளும் உட்கார்ந்து, கோட்டின் மேலேயே எல்லாவற்றையும் வெட்டினாள். கழிந்த நாடாத் துணிகள் குப்பை டிரக்டரில் போயின.

அப்புறம் கையாலேயே தைத்தாள். பிற்பகலில், அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் ஒரு வரிசை. விரலெல்லாம் ஊசிக் குத்து. இத்தா முடிய நாலு நாள் இருக்கும்போது கடைசி வரிசையை இணைத்துக் கட்டிலில் விரித்துப் பார்த்தாள். கட்டிலுக்குப் போதவில்லை. நீளத்திலும் அகலத்திலும் கால் பங்கு குறைந்தது. அவளுக்கு ஆத்திரம் வந்தது.

"முப்பது வருசம் டைலர் என்டு பேரு. சொந்தக் கட்டில அளக்கத் தெரியல்ல" என்று இல்லாத மனிதரை ஏசினாள். ஏசியதில் மனசு கொஞ்சம் ஆறியது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இத்தா முடிந்த முதல் சனிக்கிழமை பண்டாரவளைக்குப் போனாள். முஷ்ரிபா டீச்சர் போர்வையைத் திருப்பிப் பார்த்தார். பொட்டலத்தின் அடியில் வெட்டாமல் தப்பிய துண்டு ஒன்றையும் றஷீனா கொண்டு போயிருந்தாள். பெருநாள் கவுன் துணி. டீச்சர் அதை வெளிச்சத்தில் பிடித்தார்.

"இத வெட்டினது ஆரு, ராத்தா?"

"எங்கட வீட்டுல அவரு. அளவு பிழைச்சிட்டாரு."

"பிழைக்கல்லையே. நல்ல கைகாரராச்சே! இது வெட்டுற கோடில்ல, ஊசி போற கோடு. வெளியில ஈக்கிற அரை அங்குலம் தையலுக்குள்ள மடங்குற துணி. தைக்கத் தெரியாத ஆளும் கோட்டப் பாத்துக் குத்திக்கிட்டே போகலாம். ஏச்சு வாங்கத் தேவல்ல" என்று சிரித்தார் டீச்சர். "நீங்க அத வெட்டிப் போட்டு, திரும்ப அரை அங்குலம் உள்ளுக்குத் தச்சிட்டீங்க."

றஷீனா அந்தத் துண்டைத் திரும்ப வாங்கி, கோட்டின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தாள். பக்கத்தில் நின்று ஏசாமல் சொல்லிக் கொடுக்க அந்த மனிதர் தேடிக் கண்டுபிடித்த ஒரே வழி அது. முந்நூறு துண்டிலும் நாலு பக்கமும் இழுத்திருக்கிறார். அதைத்தான் அவள் வெட்டி எறிந்துவிட்டாள்.

அவர் மவுத்தான விஷயம் தெரியாத டீச்சர் அவள் தோளைத் தட்டினார். "கவலப்படாதீங்க. ஒரு ஆளுக்கு இது தாராளமாக் காணும்."

வீட்டுக்கு வந்து போர்வையைக் கட்டிலில் அவளுடைய பக்கமாக விரித்தாள். சுவர்ப் பக்கம், அவர் படுக்கிற இடத்தில், மெத்தை வெறுமையாகக் கிடந்தது. வெட்டாத அந்த ஒற்றைத் துண்டை அங்கே, தலையணைக்குக் கீழே வைத்தாள்.

"நீங்க அளந்தது சரிதான்" என்றாள்.